காத்திருக்கச் சொன்ன குரல்

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பணிவான வணக்கம். இங்கு நானும் உங்கள் சம்பந்தியம்மாவும் சுகம், அவளுடைய வலது முழங்காலைத் தவிர. அங்கு நீங்கள், உங்கள் வீட்டம்மா, மாப்பிள்ளை, என் மகள், மூன்று மாதத்துப் பேத்தி எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடிகிறது, விசாரித்து அறிய முடிவதில்லை, ஏனென்றால் உங்கள் வீட்டில் சிக்னல் இல்லை, அது இல்லாமல் போனதற்கு நானும் ஒரு காரணம், ஆகவே நலம் விசாரிக்கும் தகுதியை முதல் வரியிலேயே இழந்து நிற்கிறேன். மரியாதைக்கு விசாரித்ததாக எடுத்துக்கொள்ளவும்.

இந்தக் கடிதத்தை இதோடு ஐந்தாவது முறையாக ஆரம்பிக்கிறேன். முதல் நான்கையும் உங்கள் சம்பந்தியம்மா வாங்கிப் படித்துவிட்டு, "மன்னிப்புக் கேக்கிறீங்களா, இல்ல பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும்னு சொல்றீங்களா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். முப்பத்தொரு வருஷம் பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொன்னவனுக்கு வேறு எப்படி எழுத வரும்? "வருந்துகிறேன்" என்று எழுதினால் கூடவே "தாமதத்திற்கு" என்று கை தானாகப் போகிறது. இந்த முறை அவளிடம் காட்டப்போவதில்லை. நடந்ததை நடந்தபடி எழுதி ஒட்டி அனுப்பிவிடுகிறேன்.

போன வருஷம் பச்சை போன் கம்பெனியை மஞ்சள் போன் கம்பெனியோடு சேர்க்கலாமா கூடாதா என்று ஆணையம் நகர மண்டபத்தில் கூட்டம் போட்டதே, அதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்குப் பத்து நாள் முன்னால் மஞ்சள் கம்பெனி மேலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார் என்பதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. "ஐயா, உங்க குரலைக் கேட்டுத்தான் நான் தினமும் காலேஜுக்கு பஸ் ஏறினேன். அந்தக் குரல் போனப்புறம் அந்த பஸ் ஸ்டாண்டே பஸ் ஸ்டாண்டு மாதிரி இல்லை" என்றார். நான் ஓய்வு பெற்ற மறுநாளே அங்கே ஒரு இயந்திரத்தை வைத்துவிட்டார்கள். எந்த ஊர்ப் பெண்ணோ தெரியாது, எல்லா ஊர்ப் பெயரையும் தப்பாகச் சொல்கிறாள், ஆனால் ஒருவரும் பஸ்ஸைத் தவறவிடவில்லை. இந்த ஆறு வருஷத்தில் என் குரலுக்காக ஏங்கியதாகச் சொன்ன முதல் ஆள் அந்த மேலாளர்தான். வீட்டில் நான் எதைச் சொன்னாலும் பழக்கதோஷத்தில் இரண்டு தடவை சொல்வேன், அதனால் முதல் தடவை சொல்லும்போது யாரும் கேட்பதில்லை, இரண்டாவது தடவை சொல்லும்போது எழுந்து போய்விடுவார்கள். அப்படிப்பட்டவனிடம், "பொதுமக்கள் சார்பா நீங்க ரெண்டு வார்த்தை பேசணும், மண்டபத்துல நல்ல மைக் போட்டிருக்காங்க" என்று ஒருவர் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். என்ன பேச வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. என்ன மைக் என்றுதான் கேட்டேன்.

அந்தக் கூட்டத்தில் நீங்கள் நான்காவதாகப் பேசினீர்கள். நான் மூன்றாவது வரிசையில் தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். மேடையில் ஆணையத்தின் மூன்று பேர், நடுவில் இருந்தவர் மட்டும் விழித்திருந்தார். உங்களுக்கு மைக் பிடிக்கத் தெரியவில்லை, வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டீர்கள், பாதி சொற்கள் வெடித்தன. (தொழில் பார்வையில் நான் அப்போது கவனித்தது அதைத்தான், நீங்கள் சொன்னதை அல்ல. இதையும் சொல்லிவிடுகிறேன்.) ஆனால் நீங்கள் சொன்னது இன்று வரிக்கு வரி நினைவிருக்கிறது. "ஐயா, நான் போன் கடை வச்சிருக்கேன். என் கடையில மூணு கம்பெனி போர்டும் இருக்கு. பச்சைக்காரன் சின்னவன். அவன்கிட்ட ஆளு கம்மி, அதனால அவன் விலையைக் குறைப்பான். அவன் குறைச்சா மஞ்சளும் சிவப்பும் மனசில்லாம குறைப்பாங்க. பச்சை சிம் வாங்காதவங்களுக்கும் பச்சையாலதான் லாபம். அவனை எடுத்துட்டா மிச்சம் ரெண்டு பேர். ரெண்டு பேரு சண்டை போட மாட்டாங்க ஐயா, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டே விலையை ஏத்துவாங்க. அப்புறம் நம்மகிட்ட, உங்க இஷ்டம், எது வேணுமோ எடுத்துக்கங்கம்பாங்க." நடுவில் இருந்தவர் அதைக் குறித்துக்கொண்டார். நீங்கள் கைக்குட்டையால் மைக்கைத் துடைத்து வைத்துவிட்டு உட்கார்ந்தீர்கள்.

அடுத்து என்னை அழைத்தார்கள். மஞ்சள் கம்பெனி ஒரு காகிதம் கொடுத்திருந்தது, அதைத்தான் வாசித்தேன். இரண்டும் சேர்ந்தால் கோபுரங்கள் கூடும், சேவை பெருகும், ஒரு வருஷத்துக்கு விலை ஏறாது என்று என்னென்னவோ இருந்தது. அதிலேயேதான் அந்த வாக்கியமும் இருந்தது: "மூன்று பலகைகளை மாட்டி வைத்து மக்களைக் குழப்பிப் பிழைப்பவர்களுக்கு இந்த இணைப்பு கசக்கத்தான் செய்யும்." மண்டபம் சிரித்தது, கைதட்டியது. நான் நிறுத்தி, இடைவெளி விட்டு, அதையே இரண்டாவது தடவையும் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தபோது நீங்கள் உங்கள் குறிப்புக் காகிதத்தை நான்காக மடித்து, எட்டாக மடித்து, அதற்கு மேல் மடிக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தீர்கள். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அதில் ஒரு சொல்கூட என்னுடையதில்லை. எழுதிக் கொடுத்ததை ஒலித்தேன், அவ்வளவுதான். ஒலிபெருக்கி என்ன பாவம் செய்யும்?

இணைப்புக்கு அனுமதி கிடைத்தது. உத்தரவின் நாற்பத்தோராம் பக்கத்தில், "மூத்த நுகர்வோர் ஒருவர் சுட்டிக்காட்டியது போல" என்று போட்டு அந்தப் பலகை வாக்கியத்தை அப்படியே அச்சடித்திருந்தார்கள். நான் அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து கூடத்தில் மாட்டினேன். இப்போது அது சமையலறையில் மாவு டப்பாவுக்கு மூடியாக இருக்கிறது. உங்கள் சம்பந்தியம்மாவின் ஏற்பாடு.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். முதல் மாதம் பலகையில் பாதி பச்சை, பாதி மஞ்சள். இரண்டாம் மாதம் முழு மஞ்சள். விலை ஏறாது என்று சொன்னார்கள், ஏறவில்லை. முப்பது நாளுக்குப் போட்ட அதே தொகை இருபத்தெட்டு நாளுக்கு ஆனது, அப்புறம் இருபத்துநான்கு நாளுக்கு ஆனது. விலையை அப்படியே நிற்க வைத்துவிட்டு மாதத்தைக் குட்டையாக்கிவிட்டார்கள். நானும் ரோஷத்தோடு சிவப்புக் கம்பெனிக்கு மாறிவிடலாம் என்று போனேன். கவுண்ட்டரில் இருந்த அம்மா நல்லவர், உண்மையைச் சொல்லிவிட்டார். "எதுக்குங்க வெயில்ல வந்தீங்க? அங்க இருபத்துநாலு நாள்னு போன திங்கக்கிழமை மாத்தினாங்க, நாங்க செவ்வாய்க்கிழமை மாத்திட்டோம். அட்டை கலர் மட்டும்தான் வேற." நீங்கள் மண்டபத்தில் சொன்ன அதே விஷயம். நீங்கள் சொன்னபோது கேட்காத காது, கவுண்ட்டரில் வரிசையில் நின்றபோது கேட்டது.

உங்கள் கடையிலிருந்து மூன்று பலகையில் இரண்டைக் கழற்றி எடுத்துப் போனார்கள் என்றும், இனி சொந்த ஷோரூமில் மட்டும்தான் சிம் என்று மூன்றாவதையும் வாங்கிக்கொண்டார்கள் என்றும் மகள் சொன்னாள். இப்போது பாதிக் கடையில் குடையும் டார்ச் லைட்டும் விற்கிறீர்களாம். அதைக் கேட்டபோது எனக்கு உறுத்தியது. ஆனால் உறுத்தலை ஒத்திப்போடுவதற்கு மனுஷனுக்கு ஆயிரம் வழி இருக்கிறது. என் வழி, அந்தச் சமயத்தில் மேலாளர் மறுபடி செருப்பைக் கழற்றிவிட்டு வந்ததுதான். "ஐயா, புது கம்பெனிக்கு ஒரு குரல் வேணும். போன் பண்றவங்க காத்திருக்கும்போது கேக்கிற குரல். கேட்டதும் நம்பிக்கை வரணும்" என்றார். போனேன். கண்ணாடி வைத்த சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. ஒலிப்பதிவு செய்கிற அம்மா, ஐம்பது வயதிருக்கும், பச்சைக் கம்பெனியிலிருந்து வந்தவர். புது மஞ்சள் சட்டையின் கழுத்துப் பட்டிக்கு அடியில் பழைய பச்சை நூல் அடையாள அட்டைக் கயிறு தெரிந்தது. ஒரே தடவையில் சொல்லி முடித்தேன். "வணக்கம். தங்கள் எண் எங்கள் புதிய குடும்பத்திற்கு மாற்றப்பட்டுக்கொண்டிருக்கிறது. தங்கள் அழைப்பு எங்களுக்கு மிக மிக முக்கியமானது. அருள்கூர்ந்து இணைப்பில் காத்திருக்கவும்." இரண்டாவது "மிக" நான் சேர்த்தது. அந்த அம்மா முகத்தில் ஒன்றும் காட்டாமல், "நல்லா இருக்குங்க. நம்புற மாதிரியே இருக்கு" என்றார்.

அந்தக் குரல் வந்ததும் என் பெருமை மூன்று நாள் நீடித்தது. நாலாவது நாளிலிருந்து ஊர் முழுக்க என்னைத் திட்டியது. முப்பத்தொரு வருஷம் என் குரலைக் கேட்டவர்கள், அடையாளம் தெரியாமல் போகுமா? காய்கறிக் கடையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஒருவர், "இருபது நிமிஷமா காத்திருக்கச் சொல்லிட்டு இங்க தக்காளி வாங்கறீங்களா?" என்றார். முடிவெட்டுகிறவர் கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு, "நேத்து அரை மணி நேரம் உங்களோடதான் இருந்தேன்" என்றார். பல் டாக்டரிடம் போனேன், வாயைத் திறந்து வைத்துக்கொண்டே அரை மணி உட்காரச் சொல்லிவிட்டுப் போய்விட்டார், வேண்டுமென்றே செய்தாரா என்று இன்னும் தெரியவில்லை. வீட்டுக்கும் போன் போட்டுத் திட்டினார்கள். கடைசியில் என் எண்ணையே மாற்றிக்கொண்டேன். புது எண்ணை மகளுக்கு மட்டும்தான் கொடுத்தேன், உங்களுக்குக் கொடுக்கவில்லை. அது பிறகு எதில் போய் முடிந்தது என்று சொல்கிறேன்.

பேத்தி பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வந்தோம். நீங்கள் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு மூன்று மாதமாக ஒரு வார்த்தை இல்லை. மண்டபத்தில் பேசியதை மனதில் வைத்துக்கொண்டு, பேத்தி பிறந்த நாளில்கூட முறுக்கிக்கொள்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. ஆமாம், எனக்குக் கோபம். உங்கள் சம்பந்தியம்மாவிடம், "பெரிய மனுஷன் மாதிரியா நடந்துக்கிறாரு?" என்று கேட்டேன். எழுதும்போதே காது சூடாகிறது.

போன வியாழக்கிழமை அவள்தான், "யாராவது ஒருத்தர் முதல்ல பேசுங்க. சும்மா இருக்கிறதுக்கு உங்க ரெண்டு பேர்ல நீங்கதானே அதிகம் சும்மா இருக்கீங்க" என்று தொல்லை செய்தாள். அவளுக்காக உங்கள் கடைக்குப் போன் போட்டேன். பகல் பதினொரு மணி. நீங்கள் எடுத்தீர்கள். நான், "வணக்கம்" என்றேன். பதற்றத்தில் குரல் தானாக அறிவிப்புக் குரலாகிவிட்டது. புது எண், உங்களுக்குத் தெரியாது, கம்பெனியின் இயந்திரம்தான் கூப்பிடுகிறது என்று நினைத்துவிட்டீர்கள். நீங்கள், "வந்துட்டியா? பத்து நாளாச்சு புகார் குடுத்து, இப்பதான் திரும்பக் கூப்பிடறியா? இரு, பீப் சத்தம் வந்தப்புறம்தானே பேசணும்" என்றீர்கள். எனக்கு ஒரு இருமல் வந்தது. அதையே அந்தச் சத்தம் என்று எடுத்துக்கொண்டு நீங்கள் பேச ஆரம்பித்தீர்கள்.

"என் புகாரை எழுதிக்கங்க" என்றீர்கள். "மூணு மாசம் முன்னாடி, காலையில பதினோரு மணி. வீட்டுல நானும் என் வீட்டுக்காரியும் மருமகளும்தான். மருமகளுக்கு வலி வந்துடுச்சு, நாள் இன்னும் இருக்கு, முன்னாடியே வந்துடுச்சு. எங்க மேட்டுத் தெருவுக்கு பச்சை டவர் ஒண்ணுதான் இருந்தது. பக்கத்துல எங்களோடது ஒண்ணு இருக்கே, இது எதுக்குன்னு அதை நிறுத்திட்டீங்க. உங்களோட டவர் பள்ளத்துக்குத்தான் எடுக்கும். நான் தண்ணித் தொட்டி மேல ஏறி நின்னேன், ஒரே ஒரு கோடு சிக்னல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகலை, உங்ககிட்ட வந்தது. என் நம்பரை மாத்திக்கிட்டு இருக்கீங்களாம், காத்திருக்கச் சொன்னீங்க. இருபத்திரண்டு நிமிஷம் காத்திருந்தேன். வச்சுட்டு இறங்கி ஓடியிருக்கலாம்ல? ஏன் நின்னேன்னு கேளுங்க. இந்தக் குரல் எனக்குத் தெரிஞ்ச குரல். வேற யாராவது சொல்லியிருந்தா போடான்னு வச்சிருப்பேன். இவரு சொன்னா நடக்கும்னு நின்னேன்."

சம்பந்தி, அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் மூச்சு விட்டுக்கொண்டு மேலே சொன்னீர்கள்: "அப்புறம் துணி வெளுக்கிற வண்டிக்காரர் வந்தாரு, அழுக்கு மூட்டையெல்லாம் தெருவுல இறக்கிப் போட்டுட்டு அவளை ஏத்திக்கிட்டுப் போனாரு. ஆஸ்பத்திரி வாசல்ல இறங்கின எட்டாவது நிமிஷம் குழந்தை பிறந்தது. நல்லபடியா முடிஞ்சது, அதுக்காகப் புகார் இல்லை. என் புகார் வேற. இந்தக் குரலுக்குச் சொந்தக்காரரு யாரு தெரியுமா? அவளோட அப்பா. என் சம்பந்தி. அவருக்கு இது தெரியாது. யாரும் சொல்லக் கூடாதுன்னு வீட்டுல எல்லார்கிட்டயும் வார்த்தை வாங்கியிருக்கேன். சொன்னா மனுஷன் உடைஞ்சு போயிடுவாரு. அவரைப் பார்த்தா வாயில வந்துடுமோன்னு பயந்து நான் பேசறதையே விட்டுட்டேன். நாளைக்குப் பேத்தி வளர்ந்து யாராவது சொல்லி, தாத்தா நீங்கதானான்னு கேட்டா அவரு எங்க போய் நிப்பாரு? அதனால டவரைக் குடுக்காட்டி பரவாயில்லை. குரலை மட்டும் மாத்திடுங்க. அவ்வளவுதான் புகார். நம்பர் குடுங்க, எழுதிக்கறேன்."

நீங்கள் பென்சிலோடு காத்திருந்தது எனக்குக் கேட்டது. நான் என்ன செய்தேன் என்று எழுதவே கை கூசுகிறது. நான் உங்களுக்கு ஒரு புகார் எண்ணைக் கொடுத்தேன். எட்டு இலக்கம். எங்கள் சமையல் எரிவாயு இணைப்பின் எண், அதுதான் வாயில் வந்தது. நீங்கள், "நன்றிங்க" என்று சொல்லி வைத்தீர்கள். இயந்திரத்துக்கு நன்றி சொன்ன ஆளை நான் முதல் முறையாக அன்றுதான் பார்த்தேன். அதன் பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். உங்கள் சம்பந்தியம்மா கதவைத் தட்டி, "பேசிட்டீங்களா? என்ன சொன்னாரு?" என்றாள். "புகார் சொன்னாரு" என்றேன். "நியாயமா?" என்றாள். "நியாயம்தான்" என்றேன். மறுபடியும் சொன்னேன், பழக்கதோஷத்தில் இல்லை.

மறுநாள் காலை மஞ்சள் கம்பெனிக்குப் போய், என் குரலை எடுத்துவிடுங்கள் என்றேன். வரவேற்பில் இருந்த பெண், "எந்தக் குரல் சார்?" என்றாள். "காத்திருக்கச் சொல்ற குரல்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்து, "அது ரொம்பக் கம்பீரமா இருக்குமே சார்" என்றாள். மேலாளரைப் பார்க்க வேண்டும் என்றேன். பதினான்கு பேர் இருந்த கிளையில் இப்போது மூன்று பேர், மேலாளர் அந்த மூன்றில் இல்லை, அவரையும் குறைத்துவிட்டார்களாம். புகார் என்றால் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குத்தான் அழைக்க வேண்டும் என்றாள். அங்கேயே நின்று அழைத்தேன். நானே எடுத்தேன். நான் எனக்கு மிக மிக முக்கியமானவன் என்று சொல்லி, என்னைக் காத்திருக்கச் சொன்னேன். பதினேழு நிமிஷம் நின்றேன். சம்பந்தி, அந்த இரண்டாவது "மிக" எவ்வளவு மட்டமாக இருக்கிறது என்று நின்று கேட்டால்தான் தெரிகிறது.

வெளியே வந்தபோது படிக்கட்டில் அந்த ஒலிப்பதிவு அம்மா தனியாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர்த் தொட்டி, இருபத்திரண்டு நிமிஷம், துணி வண்டி எல்லாம். குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "திங்கக்கிழமை வாங்க. இருபத்துநாலு நாளை இருபத்திரண்டு ஆக்கறாங்க, புதுசா அறிவிப்பு எடுக்கணும். உங்களைத்தான் கூப்பிடச் சொல்லியிருக்காங்க" என்றார். "நான் வரமாட்டேம்மா" என்றேன். அவர் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "வாங்கன்னுதான் சொன்னேன். காகிதத்துல இருக்கிறதைத்தான் படிக்கணும்னு நான் சொல்லலையே" என்றார்.

திங்கட்கிழமை போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் விரலை உயர்த்தினார். நான் சொன்னது இது: "வணக்கம். இப்போது பதில் சொல்ல இங்கே ஆள் இல்லை. பதினான்கு பேர் இருந்த இடத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்களையும் திட்டாதீர்கள். நீங்கள் காத்திருந்தாலும் யாரும் வரமாட்டார்கள். அவசரம் என்றால் போனை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். உடனே தட்டுங்கள். என் பேச்சைக் கேட்டு முன்பு நின்றவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்." முடித்து நிமிர்ந்தேன். குரல் நடுங்கியிருந்தது, மறுபடி எடுக்கட்டுமா என்று சைகையில் கேட்டேன். அவர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்து, "என் காதுல ஒண்ணுமே விழலைங்க. இது ரிப்பேர். நல்லாத்தான் இருந்திருக்கும், ஏத்திடறேன்" என்றார்.

அது செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணியிலிருந்து பகல் ஒன்றரை வரைக்கும் ஓடியது. ஒன்றரைக்குத்தான் கம்பெனியில் ஒருவருக்கு அவர்கள் எண்ணுக்கே அழைக்கும்படி ஆனது, அதுவரை அங்கே யாருக்கும் தெரியாது. நீங்கள் கேட்டீர்களோ இல்லையோ தெரியவில்லை. ஊர் கேட்டது. முடிவெட்டுகிறவர் கடையில் போனை ஸ்பீக்கரில் போட்டு வரிசையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்க வைத்தாராம். இப்போது என் குரலை எடுத்துவிட்டு வெறும் இசை போட்டிருக்கிறார்கள். அந்த அம்மாவை விசாரித்திருக்கிறார்கள். ஹெட்போன் பழுது என்று ஏழு மாதம் முன்பே எழுதிக் கொடுத்திருந்த விண்ணப்பத்தைக் காட்டினாராம். தப்பித்துவிட்டார். எனக்கு வக்கீல் நோட்டீஸ் வரும் என்றார்கள், வரட்டும்.

ஆக உங்கள் புகாரில் குரல் சம்பந்தப்பட்டது தீர்ந்தது. டவர் தீரவில்லை. அடுத்த மாதம் ஆணையம் ஒரு வருஷத்துக்கான மறு ஆய்வுக் கூட்டம் போடுகிறது. மேட்டுத் தெரு டவரையும், இருபத்திரண்டு நாள் மாதத்தையும், உங்கள் மூன்று பலகைகளையும் பற்றி நீங்கள் பேச வேண்டும். என் பெயரையும் கொடுத்திருக்கிறேன், ஆனால் பேசுவதற்கு இல்லை. நீங்கள் பேசுங்கள், நான் பக்கத்தில் நின்று மைக்கை ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொள்கிறேன். அது ஒன்றுதான் எனக்கு உருப்படியாகத் தெரிந்த வேலை.

என்னை மன்னிக்கும்படி கேட்கமாட்டேன், உங்களை அறிந்தவரை நீங்கள் மன்னித்துவிடுவீர்கள், அது இன்னும் கஷ்டமாக இருக்கும். மகளிடம் நான் தெரிந்துகொண்டதைச் சொல்ல வேண்டாம். உங்கள் வீட்டம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் நீண்ட ஆயுளும் நிறைந்த மனமும் கிடைக்கட்டும். துணி வண்டிக்காரருக்கு என் கும்பிடு. பேத்திக்கு ஒரு முத்தம், சத்தமில்லாமல் கொடுங்கள்.

இப்படிக்கு,
தலை குனிந்து,
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டேன், ஆகவே இதை உறையின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். தபால்காரர் படித்தால் படிக்கட்டும். உள்ளே, மண்டபத்தில் காகிதத்தில் இருந்ததைத்தான் வாசித்தேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். அது பொய். கம்பெனி கொடுத்த காகிதத்தில் நான்கே வரி: கோபுரம், சேவை, விலை, நன்றி. பலகை மாட்டிப் பிழைப்பவர்கள் என்ற வாக்கியம் அதில் இல்லை. அது என்னுடையது. நான் எழுந்து வந்தபோது நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். உங்கள் பக்கம் பேச வருகிறேன் என்று நினைத்து முகமெல்லாம் சிரித்தீர்கள், பக்கத்தில் இருந்தவரிடம் "எங்க சம்பந்தி" என்று சொன்னதுகூட எனக்குக் கேட்டது. அதன் பிறகுதான் அதைச் சொன்னேன். சொன்னால் மண்டபம் சிரிக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. உள்ளே இருக்கும் கடிதத்தை இதைப் படித்த பிறகு பிரிப்பதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம்.